15 வருசம் கழிச்சு மறுபடி கில்ட் தைக்க உக்காந்தேன், 17 கட்டம் இருக்கு 13 பாக்கி, அளவு ஒத்து வரல

எல்லீஸ்நகர்_தையல்காரி
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப தான் முதல் தடவ எழுதுறேன், நீளமா போகும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நான் காலேஜ் படிக்கிறப்பவே ப்ளவுஸ் பாவாடை எல்லாம் தைச்சவ. கல்யாணம் ஆகி பெங்களூருல இருந்தப்ப பக்கத்து பிளாட்டு அக்கா ஒருத்தங்க ஞாயித்துக்கிழமை ஆனா கூப்பிட்டு வச்சு கில்ட் (துண்டுத் துணிய சேத்து மூணு அடுக்கா தைக்கிற போர்வை) சொல்லிக் குடுத்தாங்க. சின்னப் பிள்ளைக்கு ஒரு போர்வை முடிச்சேன். அடுத்தது பெருசா ஆரம்பிச்சேன். லாக் கேபின்னு சொல்லுவாங்களே, நடுவுல ஒரு சின்ன சதுரம் வச்சு அத சுத்தி சுத்தி பட்டை சேத்துக்கிட்டே போறது, அது. நடு சதுரம் எல்லாத்துக்கும் அம்மாவோட பழைய சிவப்பு சுங்குடிச் சேலை. அப்படி 30 கட்டம் வேணும், 17 முடிச்சேன். அதுக்குள்ள அவருக்கு மதுரைக்கு மாத்தல், வந்த ஆறு மாசத்துல மாமியாருக்கு ஸ்ட்ரோக்கு, பெறகு சின்னவன் பொறந்தான், அப்படியே 15 வருசம் போயிருச்சு, எப்படி போச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியல.

போன மாசம் பரண சுத்தம் பண்றப்ப ட்ரங்குப் பெட்டிக்குள்ள அந்த 17ம் அப்படியே இருக்கு. மஞ்ச காகிதத்துல சுத்தி, அந்துருண்டை எல்லாம் போட்டுத்தான் வச்சிருந்தேன், ஆனாலும் நாலஞ்சு எடத்துல பூச்சி அரிச்சிருக்கு. வெட்டி வச்ச பட்டைத் துணியும் ஒரு கட்டு கெடக்குது. பாத்ததும் எனக்கு அழுகையும் வந்துச்சு ஆசையும் வந்துச்சு.

பெங்களூருல இருந்த கரண்டு மிஷின வித்துட்டேன். இப்ப அம்மா வீட்டுலேர்ந்து வந்த கறுப்பு உஷா கால் மிஷின் தான். பெல்ட்டு இத்துப்போயி இருந்துச்சு, மாத்துனேன். பத்து நாள் உக்காந்து மூணு கட்டம் தைச்சேன். பழைய கட்டம் 11½ இன்ச், புதுசு மூணும் 10¾ தான் வருது! அதே பட்டை, அதே துணி, நானே வெட்டுனது. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தம்பி சட்டைய அண்ணன் போட்ட மாதிரி இருக்கு. கை போயிருச்சுங்க, அம்புட்டுத்தான். முன்னாடி எம்புட்டு சுத்தமா தைச்சிருக்கேன்னு பாத்து பாத்து மனசு விட்டுப் போச்சு.

பழச அப்படியே மூடி வச்சுட்டு புதுசா சின்னதா ஏதாவது ஆரம்பிக்கவா? இல்ல இதையே எப்படியாச்சும் முடிக்கலாமா? உள்ள வைக்கிற பஞ்சுக்கு நம்ம ஊருல என்ன பண்றீங்க? மிஷினும் அப்பப்ப நூல அத்துக்குது.

கட்பீஸ்_ராணி
அக்கா வாங்க வாங்க. மொதல்ல அந்த 17ஐ ஒரு போட்டோ போடுங்க, அப்புறம் பேசுவோம்.

முடிங்கக்கா. புதுசு ஆரம்பிச்சீங்கன்னா இதுவும் பரணுக்குப் போகும் அதுவும் போகும். எங்கிட்ட அப்படி ஆறு இருக்கு :)

சும்மா_கேக்குறேன்
தப்பா நெனைக்காதீங்க, உண்மையிலயே சும்மா தான் கேக்குறேன். மதுரையில மார்ச் மாசத்துலேர்ந்தே ஃபேனுக்கு கீழ படுக்க முடியல, இதுல மூணு அடுக்கு போர்வை யாருக்கு? கடையில ரெடிமேடா குறைஞ்ச வெலைக்கு கெடைக்குது. துணிய வெட்டி மறுபடி அதையே ஒட்டுறதுக்கு இம்புட்டு மெனக்கெடணுமா?

மாட்டுத்தாவணி_டு_ஒஹாயோ
சும்மா கேக்குறவரே, உங்க அப்பத்தா பழைய நூல் சேலைய நாலா மடிச்சு சுத்தி ஓட்டுத் தையல் போட்டு தொட்டில்ல விரிச்சிருப்பாங்க, அதுல தான் நீங்க படுத்துருப்பீங்க. அதுக்குப் பேரும் இதான், அவங்க பேரு வைக்கல அம்புட்டுத்தான்.

தையல்காரி, நான் மதுரைக்காரி, இங்க அமெரிக்கா வந்து ஏழு வருசமா கில்ட் பண்றேன். உங்க பிரச்சனை கை இல்ல, கால் இன்ச்சு. கில்ட்ல எல்லாமே ஓரத்துலேர்ந்து கால் இன்ச் விட்டு தையல். உங்க பெங்களூரு மிஷினுக்கு கால் இன்ச் ஃபூட்டுன்னு (துணிய அமுக்கிப் புடிக்கிற பாகம்) தனியா ஒண்ணு இருந்துருக்கும், ஃபூட்டு ஓரத்த துணி ஓரத்தோட வச்சா தானா கால் இன்ச் விழும். கறுப்பு மிஷின்ல இருக்குற சாதா ஃபூட்டு அந்த அளவு கெடையாது, ஃபூட்ட நம்பி ஓட்டுனா கூடத்தான் போகும். ஃபூட்ட பாக்காதீங்க. ஸ்கேல ஊசிக்கு கீழ வச்சு, கால் இன்ச் கோட்டு மேல ஊசிய பைய இறக்கி, ஸ்கேல் ஓரத்துல பிளேட்டு மேல ஒரு டேப்ப ஒட்டிருங்க, நாலஞ்சு அடுக்கு ஒட்டுனா துணி அதுல முட்டிக்கிட்டு நேரா போகும்.

பரிசோதனைக்கு ஒண்ணு சொல்றேன், இத பண்ணாம அடுத்த கட்டத்த தொடாதீங்க: 1½ இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி சேத்து தைச்சு இஸ்திரி போட்டு அளங்க, நடுப் பட்டை சரியா 1 இன்ச் இருக்கணும், மொத்தம் 3½ வரணும். வரலைன்னா டேப்ப நகத்துங்க.

எல்லீஸ்நகர்_தையல்காரி
ஒஹாயோ, ரொம்ப நன்றிங்க. இப்பவே பண்ணிப் பாத்தேன். நடுப்பட்டை 1 இன்ச்சுக்கு லேசா கம்மியா இருக்கு, ஆனா ரொம்ப கம்மி தான், கண்ணுக்கே தெரியல, கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன். இத்துனூண்டுக்கா முக்கா இன்ச் போகும்? நம்ப முடியல.

(வெள்ளெழுத்து வேற வந்துருச்சு, ஊசியில நூல் கோக்க சின்னவன கூப்பிட வேண்டியிருக்கு, அவன் ஒரு தடவைக்கு அஞ்சு ரூபா கேக்குறான்.)

புதுமண்டபம்_பழைய_ஆளு
போகும் தாயி.

நான் தையக்காரன். 41 வருசம். மீனாட்சி கோயிலுக்கு எதுக்க புதுமண்டபத்துல தூணு தூணா மிஷின் போட்டு உக்காந்திருந்தோம்ல அதுல ஒரு ஆளு. இப்ப கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு. எம் பேத்தி இத காட்டுனா, அவதான் டைப்பு அடிக்கிறா, நான் சொல்றேன்.

நூலுன்னா எங்க அளவு, இன்ச்சுக்கு எட்டு நூல். கால் இன்ச்சுன்னா ரெண்டு நூல். நீ அரை நூல் கூட விட்டு தைக்கிறன்னு வச்சுக்க. ஒரு தையல்ல ரெண்டு பக்கத் துணியும் இருக்கு. அரையும் அரையும் ஒரு நூல் போச்சு. உங்கட்டத்துல இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் எத்தன தையல் வருது? நடுவுக்கு இங்கிட்டு மூணு பட்டை அங்கிட்டு மூணு பட்டைன்னா ஆறு தையல். ஆறு நூல். முக்கா இன்ச். கணக்கு சரியா இருக்கா?

எல்லீஸ்நகர்_தையல்காரி
ஐயா!! அப்படியே சரியா இருக்கு. நடு சதுரம் 2½, பட்டை எல்லாம் 2 இன்ச் வெட்டுனது, மூணு சுத்து. 11½ வரணும், 10¾ வந்துருக்கு. சரியா முக்கா இன்ச்!

புதுமண்டபம்_பழைய_ஆளு
அப்ப கை போகல. மூணு கட்டத்துலயும் ஒரே மாதிரி தப்பு பண்ணிருக்க. கை போனவ ஒண்ணு கூட ஒண்ணு கொறச்சலா தைப்பா.

எனக்கு ஒரு சந்தேகம். கால் இன்ச் விட்டு தைச்சா நாளைக்கு பிரிச்சு பெருசு பண்ண உள்ள துணி எங்க இருக்கும்? ப்ளவுஸுக்கு நாங்க ஒரு இன்ச்சுக்கு மேல உள்ள விடுவோம். உடம்பு வைக்கும்ல.

கட்பீஸ்_ராணி
ஐயா போர்வைக்கு உடம்பு வைக்காதுல்ல :)) அதான் கால் இன்ச். கூட விட்டா நாலு துணி ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மூலையில கட்டி கட்டியா நிக்கும், மேல தையல் ஓட்டுறப்ப ஊசி ஒடியும்.

ஆனா ஐயா சொன்னதுல தான் விசயம் இருக்கு. ப்ளவுஸ் தைச்ச கைக்கு கூட விட்டே பழக்கம். நானும் டைலரிங் கிளாஸ் முடிச்சுட்டு தான் இதுக்கு வந்தேன், ஒரு வருசம் எங் கை தானா உள்ள உள்ள போகும். அக்காவுக்கும் அதான் ஆகுதுன்னு நெனைக்கிறேன், பெங்களூருல ஃபூட்டு புடிச்சு வச்சிருந்துச்சு, இப்ப புடிக்க ஆளில்ல.

மெக்கானிக்_மகன்
நூல் அத்துக்குதுன்னு எழுதுனீங்கல்ல, அதுக்கு யாரும் பதில் சொல்லல. எங்கப்பா மிஷின் மெக்கானிக், நான் அந்த தொழிலுக்கு போகல ஆனா பாத்து பாத்து தெரியும்.

1) ஊசி திரும்பி மாட்டிருக்கா பாருங்க. ஊசியில ஒரு பக்கம் மேலேர்ந்து கீழ வரைக்கும் நீட்டமா ஒரு பள்ளம் ஓடும், நூல் அந்தப் பக்கத்துலேர்ந்து தான் உள்ள போகணும்.

2) 15 வருசத்துக்கு முந்தின நூல்கண்ட தூக்கிப் போடுங்க. நூல் இத்துப்போயிருக்கும். கையில ரெண்டு பக்கமும் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தா தெரியும். இத எந்த கஸ்டமரும் ஒத்துக்க மாட்டாங்க, மிஷின் தான் தப்புன்னு சொல்லுவாங்க, அப்பா சிரிச்சுக்கிட்டே புது நூல் போட்டு ஓட்டிக் காட்டுவாரு.

3) நூல இறுக்கிப் புடிக்கிற டென்ஷன்ல இருக்குற ரெண்டு தட்டுக்கு நடுவுல தூசி அடைச்சிருக்கும். ஃபூட்ட தூக்கி வச்சுட்டு (தூக்கலைன்னா தட்டு இறுக்கிப் புடிச்சிருக்கும்) ஒரு காடாத் துணிய விட்டு இழுங்க.

4) ஷட்டில கழட்டி பஞ்ச எடுங்க.

எண்ணெய் என்ன போடுறீங்க?

பாபின்_தொலைச்சவ
தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டா போதும், எங்கம்மா அதான் விடுவாங்க, நல்லா ஓடும்.

மெக்கானிக்_மகன்
ஐயோ வேணாம்ங்க. அன்னைக்கு ஓடும். கொஞ்ச நாள்ல காஞ்சு பிசினாகி எல்லா மூட்டையும் புடிச்சுக்கும், அப்பா கழட்டுன மிஷின்ல பாதி அப்படி வந்தது தான். மிஷின் எண்ணெய்னே கடையில தனியா விக்கிது, தண்ணி மாதிரி இருக்கும், அத மட்டும் விடுங்க. ஏற்கனவே பிசினா இருந்தா கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு தொடச்சு, காஞ்ச பெறகு எண்ணெய் விட்டு வெறும் மிஷின ஒரு அஞ்சு நிமிசம் மிதிங்க, அழுக்கு கீழ வடியும். மறுநாள் பழைய துணிய ஓட்டிட்டு தான் நல்ல துணிய வைக்கணும், இல்லைன்னா உங்க சுங்குடி மேல கறுப்பு பொட்டு வரும்.

பாபின்_தொலைச்சவ
ஓ அதான் எங்கம்மா மிஷின் இப்ப துணி வைக்கிற ஸ்டாண்டா இருக்கு போல.

எல்லீஸ்நகர்_தையல்காரி
சிரிச்சு முடியல. நானும் தேங்கா எண்ணெய் தான் விட்டேன் :( நாளைக்கு மண்ணெண்ணெய் தேடணும், இந்தக் காலத்துல எங்க கெடைக்கும்னு தெரியல.

நூல் விசயம் சரி தான் தம்பி, பழைய கண்டு தான், இழுத்தா பொட்டுன்னு போகுது.

வைகைக்கு_வடக்க
பூச்சி அரிச்சதுக்கு ஒரு கேள்வி. கஞ்சி போட்டு வச்சிருந்தீங்களா?

எல்லீஸ்நகர்_தையல்காரி
ஆமாங்க! அந்த அக்கா துணிய வெட்டுறதுக்கு முன்னாடி சோத்துக் கஞ்சிய வடிச்சு நீர்க்கக் கரைச்சு போட்டு இஸ்திரி பண்ணச் சொல்லுவாங்க, துணி காகிதம் மாதிரி நிக்கும், வெட்டும்போது கோணாது. எப்படி கண்டுபுடிச்சீங்க?

வைகைக்கு_வடக்க
ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்துன்னா விருந்து. பழைய புக்கு அட்டைய அது திங்கிறதும் பசைக்காகத்தான். கஞ்சி போடுறது நல்லது தான், கோணத் துணி வெட்டுறவங்களுக்கு அது இல்லாம முடியாது, ஆனா எடுத்து வைக்கணும்னா கஞ்சி போக அலசி நல்லா காய வச்சு தான் வைக்கணும். அரிச்ச பட்டைய மட்டும் பிரிச்சு மாத்திருங்க. ஓரப் பட்டைன்னா சுலபம். நடுவுலன்னா ஒரு பூவோ எலையோ வெட்டி மேல வச்சு தைச்சிருங்க.

அலசுறேன்னு தைச்சத அப்படியே தண்ணியில போட்டுறாதீங்க, சுங்குடி சிவப்பு. பழைய சேலை, எத்தனையோ தடவ துவைச்சதுன்னா ஒண்ணும் ஆகாது, ஆனாலும் ஒரு மூலைய மட்டும் நனைச்சு வெள்ளைத் துணியில ஒத்திப் பாருங்க. புதுசா சுங்குடி வாங்கி கில்ட் பண்றவங்க (2005ல புவிசார் குறியீடு வாங்குன சமாச்சாரம் நம்ம ஊர் சுங்குடி, ஆனா இப்ப கடையில தொங்குறதுல நெறைய முடிச்சு போட்டு சாயம் ஏத்துனது இல்ல, அச்சு, திருப்பிப் பாத்து வாங்குங்க) வெட்டுறதுக்கு முந்தியே தண்ணி தெளியிற வரைக்கும் அலசிரணும். உப்பு போட்டா சாயம் நிக்கும்பாங்க, நான் போட்டுப் பாத்துருக்கேன், நிக்கல.

மாட்டுத்தாவணி_டு_ஒஹாயோ
அளவு சரியில்லைன்னு ரொம்ப மனச விட்டுறாதீங்க தையல்காரி. இங்க அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர், ஆத்து வளைவுக்குள்ள இருக்குற ஊர், அடிமையா இருந்தவங்க வம்சத்துல வந்த கறுப்பினப் பெண்கள் பழைய வேலைச் சட்டை, ஜீன்ஸ், மாவுச் சாக்குன்னு கெடச்சத வச்சு குளுருக்கு தைச்ச கில்ட்டுங்க. ஒரு கோடு கூட நேரா இருக்காது. 2002ல நியூயார்க் விட்னி மியூசியத்துல செவுத்துல மாட்டி வச்சாங்க, கூட்டம் கூட்டமா போயி பாத்தாங்க.

நம்ம பக்கமும் இருக்கு. கர்நாடகாவுல உத்தர கன்னடா பக்கம் சித்தின்னு ஒரு சமூகம், ஆப்பிரிக்க வம்சாவளி, அந்தப் பெண்கள் கவந்தின்னு ஒரு கில்ட் தைப்பாங்க, வெளி ஓரத்துல ஆரம்பிச்சு உள்ளுக்கு உள்ளுக்கு போவாங்க, அம்புட்டும் கைத் தையல், நாலு மூலையிலயும் மடிச்ச துணியில ஒரு பூ. ஸ்கேலும் கெடையாது டேப்பும் கெடையாது.

புதுமண்டபம்_பழைய_ஆளு
பாப்பா சொல்றது பேத்தி படத்துல காட்டுனா. நல்லா இருக்கு. ஆனா அந்தம்மாக்க கோணலா தைக்கணும்னே தைச்சிருக்காக, இல்ல துணி எப்படி கெடச்சதோ அதுக்கு ஒத்துப் போயிருக்காக. இந்தத் தாயி நேரா வரணும்னு உக்காந்து கோணலா வந்துருக்கு. அத அழகுன்னு சொல்லி விட்டுறக் கூடாது, அவளுக்கே ஒப்பாது.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகருக்கு தண்ணி பீய்ச்சுறவுக, திரி எடுத்து ஆடுறவுக போடுற சல்லடம், உருமா, கச்சை எல்லாம் நாங்க தைக்கிறது தான். சிவப்புல மஞ்ச பட்டை, மஞ்சள்ல பச்சை முக்கோணம், ஒண்ணு மேல ஒண்ணு வச்சு தைப்போம். நீங்க சொல்ற கில்ட்டு ஒட்டுத்துணி வேலை தான் அதும். திருவிழாவுக்கு ரெண்டு மாசம் முந்தியே ஆர்டர் வந்து குமியும், ராவெல்லாம் தைப்போம். முக்கோணம் வரிசை ஒண்ணு எறங்குனாலும் எங்க மாமா கத்தரிய வச்சு டொக்குன்னு மண்டையில போடுவாரு. ஒரு வருசம் கையில அடிபட்டு ஆறு மாசம் நான் உக்காரல. திரும்பி வந்தப்ப எனக்கும் இப்படித்தான், நம்ம கை இல்ல இதுன்னு தோணுச்சு.

தாயி, ஒண்ணு கேக்குறேன். பழசு பதினேழையும் அளந்தியா?

எல்லீஸ்நகர்_தையல்காரி
இல்ல ஐயா, மேல இருந்த ஒண்ண அளந்தேன், 11½ இருந்துச்சு. எல்லாம் அதே அளவு தானே?

புதுமண்டபம்_பழைய_ஆளு
அள.

சும்மா_கேக்குறேன்
நான் கேட்டதுக்கு யாரும் சரியா பதில் சொல்லலையே, வெயிலுக்கு என்ன பண்ணுவீங்க.

கட்பீஸ்_ராணி
அண்ணே உள்ள பஞ்சு வச்சே ஆகணும்னு சட்டமா இருக்கு? மேல ஒட்டுத்துணி, நடுவுல பழைய நூல் புடவை ஒரு மடிப்பு, அடியில மல்லு துணி. தோஹர் மாதிரி, மூணு அடுக்கும் மெல்லிசு. ஏசி போடுறவங்களுக்கு அதான் சரி, மொட்டமாடியில படுக்குறவங்களுக்கு விடியக்காலம் மூணு மணிக்கு தேடும். எங்க வீட்டுல மேல போத்துறதே இல்ல, ஊஞ்சல்ல விரிச்சிருக்கேன்.

தையல்காரி அக்கா, உள்ளுக்கு என்ன வைக்கிறதுன்னு கேட்டீங்கல்ல. கில்ட்டுக்குன்னே விக்கிற காட்டன் பேட்டிங் ஆன்லைன்ல கெடைக்குது, வெல தான் கண்ணக் கட்டும். பாலியஸ்டர் வேணாம், வேர்த்து ஊத்தும். நான் சென்னிமலைப் போர்வைய ரெண்டு தடவ சுடுதண்ணியில துவைச்சு சுருங்க விட்டுட்டு வைக்கிறேன்.

போடி_மெட்டு
எங்க ஊருல இலவம்பஞ்சு கெடக்குது, வேணும்னா சொல்லுங்க. உள்ள அத வச்சு தைக்கலாம்ல?

மாட்டுத்தாவணி_டு_ஒஹாயோ
இலவம்பஞ்சு தலகாணிக்கு ராஜா, இதுக்கு ஆகாதுங்க. வழுவழுன்னு குட்டையான இழை, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்காது. பாயா ஒட்டி நிக்காம நாலு துவைப்புல ஒரு மூலையில போயி குமிஞ்சுக்கும். தையல் சந்துலயும் வெளிய வரும், தும்மல் வேற.

போடி_மெட்டு
சரி தலகாணி தைக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

எல்லீஸ்நகர்_தையல்காரி
ரெண்டு நாளா வரல, சின்னவனுக்கு பரீட்சை. அதோட எங்க ஏரியாவுல பகல் முழுக்க கரண்டு இல்ல, எல்லாரும் திண்ணையில உக்காந்து விசிறிக்கிட்டு இருக்காய்ங்க, நான் மட்டும் கால் மிஷின மிதிச்சுக்கிட்டு இருக்கேன், எதுத்த வீட்டக்கா எட்டிப் பாத்துட்டு "ஏன்டி உனக்கு மட்டும் கரண்டு வருதா"ன்னு கேட்டாங்க.

மண்ணெண்ணெய் கெடைக்கல, மெக்கானிக் வந்து அவர்கிட்ட இருந்த எதையோ போட்டு தொடச்சுட்டுப் போனாரு. டேப்பு ஒட்டியாச்சு. மூணு பட்டை சோதனை, நாலாவது தடவ நடுப்பட்டை சரியா 1 இன்ச். ஒரு விசயம் கண்டுபுடிச்சேன், டேப்ப சரியா ரெண்டு நூலுக்கு வச்சாலும் ஒரு துளி கம்மியாத்தான் வருது, ஒரு இழை ஊசிப் பக்கமா தள்ளி வச்சாத்தான் சரியா வருது.

இப்ப ஐயா சொன்ன சமாச்சாரத்துக்கு வர்றேன்.

தரையில 17ஐயும் பரப்பி ஒண்ணொண்ணா அளந்தேன். சரியா 11½ இருக்குறது ஒம்பது தான். மூணு 11⅝. அஞ்சு 11¼, 11⅜ன்னு குட்டை. அந்த அஞ்சுல ஒண்ணு இங்கிட்டு 11¼ அங்கிட்டு 11½, சதுரமே இல்ல. ஒண்ணுல பட்டை வரிசையே மாறி வெளுத்த பக்கம் கறுத்தது வந்துருக்கு. இத தைச்சது நானா?! எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல. இத்தன வருசமா என் மனசுல அந்த 17ம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருந்துச்சு. அளக்காம மேல இருந்த ஒண்ண பாத்துட்டு பத்து நாளா என்னையவே திட்டிக்கிட்டு இருந்துருக்கேன்.

வீட்டுக்காரர கூப்பிட்டு காட்டுனேன். "எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு.

புதுமண்டபம்_பழைய_ஆளு
இழை தள்ளி வைக்கணும்னு கண்டுபுடிச்ச பாரு, அது சரி. துணி மடங்குற எடத்துல ஒரு இழை போகும்.

கட்பீஸ்_ராணி
ஹாஹா பழைய அக்காவும் நம்மள மாதிரி தான் போல.

மாட்டுத்தாவணி_டு_ஒஹாயோ
அப்ப கணக்கு போடுவோம். பெருசு மூணையும் 11½க்கு வெட்டிருங்க, ஒரு நூல் தானே, தெரியாது. குட்டை அஞ்சு பழசு, மூணு புதுசு, ஆக எட்டு. இத சரி பண்ண வழி, கட்டத்த சுத்தி கூட ஒரு பட்டை வச்சு தைச்சுட்டு, பெறகு 11½க்கு வெட்டுறது. இங்க எல்லாரும் பண்றது தான்.

புதுமண்டபம்_பழைய_ஆளு
நாலு பக்கம் வைக்காத. புதுசுல மூணு நூல் தான் தெரியும், பழசுல அதும் தெரியாது, பிசிறு மாதிரி இருக்கும். ரெண்டு பக்கம் மட்டும் வை, ஒட்டுன ரெண்டு பக்கம். சேலைக்கு கரை மாதிரி முக்கா இன்ச் தெரியும்.

இன்னொண்ணு. குட்டை அஞ்சையும் புதுசு அளவுக்கே, பத்தே முக்காலுக்கே, கரை வர்ற பக்கம் வெட்டிரு. அந்த சதுரமில்லாததும் அதுல நேராகிரும். பெறகு எட்டுக்கும் ஒரே கரை. ஒண்ணுக்கு அகலமா ஒண்ணுக்கு ஒடுக்கமா வச்சேன்னா அது தப்புன்னு கண்ணு கண்டுபுடிச்சிரும். எட்டும் ஒரே அளவா இருந்தா வேணும்னு வச்சதுன்னு நெனைக்கும்.

வைகைக்கு_வடக்க
எட்டையும் ஒரே மூலையில குமிச்சிறாதீங்க, முப்பதுலயும் அங்கிட்டு இங்கிட்டு தெளிச்சு வைங்க.

எல்லீஸ்நகர்_தையல்காரி
ஐயா கரைக்கு என்ன துணி எடுக்கட்டும்? எவ்வளவு? இந்தப் பட்டைத் துணி மிச்சம் இருக்குறது பாக்கி பத்து கட்டத்துக்கே இழுத்துப் புடிச்சாத்தான் வரும்.

புதுமண்டபம்_பழைய_ஆளு
டூ பை டூ ரூபியா எடு. பருத்தி தான், எந்தக் கலரும் கெடைக்கும், மெல்லிசா இருக்கும், கஞ்சி போட்டு வெட்டு. (தைச்சதும் அலசிரு, அந்த பூச்சி பாப்பா சொன்னாள்ல.) சிவப்பு வேணாம், நடுவுல ஏற்கனவே இருக்கு. மாம்பழ மஞ்ச எடு.

பன்னா, அதான் துணி அகலம், 36 இன்ச். ஒரு கட்டத்துக்கு ஒண்ணரை இன்ச் பட்டை 25 இன்ச் நீளம் வேணும். ஒரு பன்னாவுக்கு ஒரு கட்டம்னு வையி, மிச்சத்த சேத்து ஒட்டாத, கரையில மூட்டு வரக்கூடாது. எட்டுப் பட்டை, பன்னெண்டு இன்ச். அரை மீட்டர் எடுத்தா தாராளம். ஒரு மீட்டர் எடுத்து காச கரியாக்காத. வாங்குனதும் நனைச்சுப் போடு.

பாபின்_தொலைச்சவ
ஐயா எனக்கும் ஒரு கணக்கு போட்டுத் தாங்களேன்...

புதுமண்டபம்_பழைய_ஆளு
பேத்தி தூங்கப் போறா. நாளைக்கு.

எல்லீஸ்நகர்_தையல்காரி
இன்னைக்கு சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் போனேன். மேட்சிங் கடையில கையில ஒரு கட்டத்த வச்சுக்கிட்டு மாம்பழ மஞ்சள்லயே ஏழெட்டு கலர விரிச்சுப் போட வச்சுட்டேன், அந்தப் பொண்ணு சளைக்காம எடுத்துப் போட்டா. கடைசியில ஒண்ணு அமைஞ்சுச்சு, சுங்குடி சிவப்போட வச்சா அப்படியே எடுப்பா நிக்கிது.

அரை மீட்டர் குடும்மான்னேன். மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்துட்டு "ப்ளவுஸுக்கு அது பத்தாதுக்கா"ன்னா. ப்ளவுஸுக்கு இல்லம்மான்னேன். "அப்ப லைனிங்கா? அதுக்கும் பத்தாதே"ன்னா. கட்டத்த காட்டி, கரை, ஒண்ணரை இன்ச் பட்டைன்னு வெளக்க ஆரம்பிச்சேன், பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க, அவ கத்தரிய வச்சுக்கிட்டு காத்துக்கிட்டு இருக்கா.

80 பாயிண்ட், அதான் 80 சென்டிமீட்டர், வாங்கிட்டு வந்துட்டேன். ஐயாகிட்ட யாரும் சொல்லிறாதீங்க. பக்கெட்டுல நனைச்சுப் போட்டிருக்கேன்.